உப்பு படாத கொழுப்பு

“மூக்கைப் பொத்தாத. பொத்தினா வாய் வழியா உள்ள போகும், அது இன்னும் மோசம்” என்றார் ஆர்வில்லா.

ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை. காப்பிக்காக மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன். அவர் அடுப்பின் முன் நின்று, கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு தகர டப்பாவை வைத்துக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

“என்ன அது?”

“ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும். நேத்து என்னைக் கவுத்துவிட்ட ரெண்டு பேரு. விசாரணை நடக்குது.”

ஜன்னலோரத்தில் ஒரு காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்த அவர் கணவர் மெர்ல் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “தீர்ப்பு நேத்தே சொல்லியாச்சு. சுட்டவ மேலதான் தப்பு” என்றார்.

“நீ பேசாத. வேட்டைக் காலம் பூரா முட்டியை அறுத்துக்கிட்டுப் படுத்துக் கிடந்தது யாரு?”

“டாக்டர் அறுத்தாரு. நானா அறுத்துக்கிட்டேன்?”

நேற்று என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஆர்வில்லா குச்சியை நிறுத்தாமலே சொன்னார்.

“நாப்பது கஜத்துல நின்னுச்சு ஒரு பெட்டை மான். நல்லா கொழுத்தது. முதல் குண்டு முதுகுக்கு மேல போயிருச்சு. அது என் தப்பு, கை ஆடிடுச்சு. ஆனா மான் ஓடல. புகையைப் பார்த்துக்கிட்டே நிக்குது. சரி, அதிர்ஷ்டம்னு நெனச்சு குழல் வாயில மருந்தைக் கொட்டி, துணியை விரிச்சு, குண்டை வெச்சு, தடியால தள்ளுறேன். பாதி வழியில நின்னுபோச்சு.”

“எது?”

“குண்டுதான்! குளிர்ல இந்தக் கொழுப்பு மெழுகுவத்தி மாதிரி இறுகிக் கெடக்கு. முதல் வெடியோட கரி வேற உள்ள காஞ்சு சொரசொரன்னு ஆயிருச்சு. மேலயும் வரல, கீழயும் போகல. நான் தடியோட மல்லுக்கட்டுறேன், அது வேடிக்கை பார்க்குது. கடைசில வாலை ஆட்டிட்டு நடந்து போச்சு. ஓடக்கூட இல்ல பொண்ணே. நடந்து போச்சு.”

“டாட்டா காட்டிருக்கும்” என்றார் மெர்ல்.

“அப்படியே சுட்டுப் பார்த்திருக்கலாமே?” என்று கேட்டுவிட்டேன்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். மெர்ல் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“குண்டு மருந்து மேல போய் உக்காரணும், டாக்டரம்மா. நடுவுல வெத்திடம் விட்டு நெருப்பு வெச்சா குழல் வெடிக்கும். அப்புறம் இவ மூஞ்சியைத் துண்டு துண்டா உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வரணும்.”

நான் மாவட்ட மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கிறவள். டாக்டர் அல்ல என்று நான்கு வருடமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

“இன்னும் ரெண்டே சனிக்கிழமை” என்றார் ஆர்வில்லா. “அதோட சீசன் முடிஞ்சுது. அந்தப் பெட்டியைத் திறந்து பாரு.”

சமையலறை மூலையில், ஆளே படுத்துக்கொள்ளலாம் போன்ற ஆழ்குளிர்ப் பெட்டி இருந்தது. மூடியைத் தூக்கினேன். இரண்டு பொட்டலம் பட்டாணி, மெர்லின் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும் ஒரு ஐஸ் பை, பாதி ரொட்டி. மற்றபடி அடிவரை வெள்ளை.

“மூடு, குளிர் வெளிய போகுது” என்றார். “போறதுக்கு உள்ள எதுவும் இல்லதான். இருந்தாலும் மூடு.”

அந்தக் காலைப் பேச்சு இவ்வளவுதான்.

வட பென்சில்வேனியாவின் இந்த மலைப்பகுதியில் அந்தப் பெட்டி நிறைந்தால்தான் வீடு குளிர்காலத்தைத் தாண்டும். டிசம்பரில் சாதாரண ரைஃபிளுக்கு இரண்டு வாரம். மெர்லும் ஆர்வில்லாவும் வழக்கமாக ஆளுக்கொரு மான் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த வருடம் மரஆலையில் மெர்லின் முட்டி போயிற்று. அந்த இரண்டு வாரமும் ஆர்வில்லா மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். மிஞ்சியது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் இந்த மூன்று வாரம்தான். இதில் சக்கிமுக்கிக் கல்லால் நெருப்புப் பிடிக்கும், வாய்வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. வார நாட்களில் காலையும் மாலையும் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஆகவே சனிக்கிழமைகள் மட்டும்.

ஆர்வில்லா க்ரோக்கருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது இதே பள்ளத்தாக்கில், எரிவாயுக் கிணறு பார்த்துக்கொண்டவரின் நான்காவது மகளாக. பதினாறு வருடம் கண்ணாடி ஆலையில் புட்டிகளை அடுக்கினார். ஆலை மூடிய மறுவாரம் பேருந்து ஓட்டும் உரிமத்துக்கு எழுதிப் போட்டார். தன் வழித்தடத்தில் ஏறும் முப்பத்தொரு குழந்தைகளின் பெயரோடு அவர்கள் வீட்டு நாய்களின் பெயரும் அவருக்குத் தெரியும். நாய்களுக்குத்தான் முதலில் வணக்கம் சொல்வார்.

க்ரோக்கர் என்பது முதல் கணவர் லைலின் குடும்பப் பெயர். விவாகரத்தில் தனக்கு மூன்று பொருள் கிடைத்ததாக ஆர்வில்லா சொல்வார்: அந்தப் பெயர், அந்தக் குளிர்ப் பெட்டி, அந்தத் துப்பாக்கி. துப்பாக்கியின் கட்டையை மேப்பிள் மரத்தில் செதுக்கியது லைல். அவரும் அதைக் கேட்டிருக்கிறார். இதை வைத்து யார் அதிகம் மான் சுட்டது என்று நீதிபதி விசாரித்தாராம். “அவரும் வேட்டைக்காரர். வேற என்னத்தைக் கேப்பாரு?”

வேறொரு பெண்ணோடு போன லைல், அவளும் விட்டுப் போன பிறகு மலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். ஆர்வில்லா பதினோரு வருடமாக அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எனக்குச் சொன்னது ஊர்தான், அவர் அல்ல.

கடல் கடந்து நான் இங்கே வேலைக்கு வந்த முதல் நவம்பரில், மெல்லிய காலணியோடு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். அறை தேடுகிறவள் என்று யாரிடமோ கேள்விப்பட்டு, காலியான பள்ளிப் பேருந்தையே ஓட்டிக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டவர் அவர். மாடியைக் காட்டினார். கீழே வரும்போது கதவைத் தட்ட வேண்டாம் என்றார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதை ஒரு குறையாக அந்த வீட்டில் யாரும் எண்ணவில்லை.

ஞாயிறு பிற்பகல் முழுக்க மேசையில் மசகு ஆராய்ச்சி நடந்தது. துப்பாக்கிக்குள் போகும் ஈயக்குண்டைச் சுற்றி ஒரு சிறு பருத்தித் துணி இருக்கும். அந்தத் துணி வழுக்கிக்கொண்டு இறங்கவும், வெடித்த பிறகு படியும் கரி இளகியே இருக்கவும் ஏதாவது தடவியாக வேண்டும். கார்களுக்குப் போடுகிற கிரீஸ் ஆகாது. கருமருந்தோடு சேர்ந்தால் தாராக உறைந்துவிடும். சமையல் எண்ணெய் மெல்லியது. விடிகாலையில் நிரப்பினால் பத்து மணிக்குள் கசிந்து மருந்தை நனைக்கும். எச்சில் போதும் என்பார்கள், இலக்குப் பலகையில் சுடும்போது. காட்டில் மணிக்கணக்காகக் காத்திருந்தால் அது உள்ளேயே உறைந்துவிடும்.

“கரடி எண்ணெய் இருந்தா இந்தப் பேச்சே இல்ல” என்றார் மெர்ல். “எந்தக் குளிர்லயும் இறுகாது.”

“இல்லாததைப் பேசாத.”

“இருக்கிற எடம் உனக்குத் தெரியும்.”

நவம்பரில் லைல் ஒரு கரடி சுட்டது பள்ளத்தாக்குக்கே தெரியும்.

கடைசியில், மெழுகைப் பாதியாகக் குறைத்து, ஆட்டுக் கொழுப்பைக் கூட்டி, கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கொழுப்பு புதிதாக உருக்க வேண்டும். செம்மறி வளர்க்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் கொடுத்த கட்டி வராந்தாவில் கிடந்தது. திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. “நான் உருக்கி வைக்கிறேன்” என்றேன். அவர் செய்ததற்கெல்லாம் பதிலாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மெல்ல உருக்கு. கருகவிடாத. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்குப் பேருந்தை எடுக்கப் போனார்.

எதையும் படித்துப் பார்க்காமல் தொடுவது எனக்குப் பழக்கமில்லை. கொழுப்பை உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் அழுக்கு அடியில் தங்கும், நாற்றமும் போகும் என்று சோப்புச் செய்கிறவர்கள் எழுதியிருந்தார்கள். மூன்று தடவை உப்புப் போட்டுக் காய்ச்சினேன். சாயங்காலம் கிண்ணத்தில் பால் மாதிரி வெளுத்து நின்றது. ஆர்வில்லா முகர்ந்து பார்த்துவிட்டு, “மெர்ல், இதைப் பாரு. கல்யாணக் கேக் மேல பூசலாம் போல இருக்கு” என்றார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாயன்று பேருந்தை விட்டுவிட்டு வந்து, புதிய மசகோடு கொல்லையில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தார். ஐந்தும் சுலபமாக இறங்கின. குழலை வெந்நீரில் கழுவித் துடைத்து, துரு ஏறாமலிருக்க அதே மசகை உள்ளே பூசி வராந்தாவில் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை மாலை, மறுநாளைக்காகக் குழலுக்குள் தடியில் சுற்றிய துணியை விட்டு இழுத்தார். துணி துருவேறிச் செங்கல் நிறத்தில் வெளியே வந்தது. இன்னொன்று விட்டார். அதுவும் அப்படியே.

ஆர்வில்லா மசகு டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் இரும்புத் தாங்கிமேல் உப்புக் கரைசல் சிந்தினால் உடனே துடைக்கச் சொல்கிறவளே நான்தான்.

“என்ன?” என்றார் மெர்ல். “என்ன ஆச்சு?”

“உப்பு.”

“கொழுப்புல எப்படி உப்பு வந்துச்சு? எந்த முட்டாள் துப்பாக்கிக் கொழுப்புல உப்பைப் போடுவான்?”

“நான்தான்” என்றார் ஆர்வில்லா. “பன்றி இறைச்சி வறுத்த சட்டியைக் கழுவாம அதுல மெழுகு கலக்கிட்டேன்.”

“முப்பது வருஷமா சுடுற. உனக்கா தெரியாது?”

“வயசாகுதுல்ல. என்னைத் திட்டி முடிச்சிட்டியா, இல்ல காப்பி குடிச்சிட்டுத் தொடரப் போறியா?”

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. காப்பி மட்டும் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஆர்வில்லா காட்டுக்குப் போகவில்லை. எஃகுப் பஞ்சு சுற்றிய தடியால் குழலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் தேய்த்தேன். கை மாற்றிக் கை, மூன்று மாலை. துரு மேலோட்டமாகத்தான் பிடித்திருந்தது, குழல் தப்பித்தது. ஆனால் மசகு இல்லை. பண்ணைக்காரரிடம் கொழுப்பு இல்லை, இனி வசந்தத்தில்தான் அறுப்பார். கடைசிச் சனிக்கிழமை காலை வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று வானொலி சொன்னது. அந்தக் குளிரில் ஆட்டுக் கொழுப்பு எப்படியும் இறுகும்.

வியாழக்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு வந்த ஆர்வில்லா, பீட்ரூட் சாற்றில் ஊறப்போட்ட முட்டை ஜாடி ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

“பொண்ணே, கோட்டைப் போடு. உன் கார்ல போகலாம். என் வண்டியைப் பார்த்தா அவன் பின்கதவு வழியா ஓடிடுவான்.”

“யாரு?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“கரடி.”

லைல் பின்கதவு வழியாக ஓடவில்லை. முன்கதவைத் திறந்து, ஆர்வில்லாவைப் பார்த்து, முட்டை ஜாடியைப் பார்த்து, மறுபடி ஆர்வில்லாவைப் பார்த்தார். உயரமான, கூன் விழுந்த மனிதர்.

“யாராவது செத்துட்டாங்களா?” என்றார்.

“இல்ல. எண்ணெய் வேணும்.”

“பதினோரு வருஷம் கழிச்சு எண்ணெய் கேட்டு வந்திருக்க.”

“முட்டை கொண்டு வந்திருக்கேன்ல?”

அவர் ஜாடியை வாங்கிக்கொண்டார். “மெர்ல் முட்டி எப்படி இருக்கு?”

“மடங்குது. நீட்டினா கத்துறான்.”

“துப்பாக்கி?”

“துருப்பிடிச்சுது. தேய்ச்சு எடுத்துட்டேன்.”

லைலின் முகம் மாறியது. “துருவா? என்னத்தைப் பூசின?”

“கொழுப்புல உப்பு போட்டுட்டேன்.”

“நீ போட்டிருக்க மாட்ட” என்றார் லைல். கோபமாக அல்ல, நிச்சயமாக. “பல்லு விளக்க மறந்தாலும் நீ அதை மறக்க மாட்ட. யாரு போட்டா?”

“நான்தான்னு சொல்றேன்ல.”

“நான் போட்டேன்” என்றேன்.

படிக்கட்டின் கீழே நின்றிருந்த என்னை அப்போதுதான் லைல் கவனித்தார். “நல்லா வெளுக்கும்னு படிச்சேன். எனக்குத் தெரியாது. அவங்க என்னைக் காட்டிக்கொடுக்கல” என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

லைல் ஜாடியை மறு கைக்கு மாற்றினார். “வெளுத்துச்சா?”

“பால் மாதிரி.”

“ம்” என்று உள்ளே போனார். ஒரு ஊறுகாய்ப் புட்டி நிறைய எண்ணெயோடு வந்தார். தேன் நிறத்தில், அந்தக் குளிரிலும் சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. “மெழுகு ஒரு சிட்டிகை போதும்” என்று ஆர்வில்லாவிடம் கொடுத்தார். “கட்டையில கீறல் விழலயே?”

“விழல.”

“சரி” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

காரில் பாதி வழி வந்திருந்தோம். ஆர்வில்லா தோள் குலுங்கச் சிரித்தார். “நாலு வருஷத்துல நீ சத்தம் போட்டுப் பேசின முதல் பேச்சு. அதுவும் அவன்கிட்டயா பேசணும்?”

“உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க.”

“நாக்குல வெச்சப்பவே எனக்குத் தெரியும். உன் மூஞ்சியும் அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு மேல எதுக்குத் திட்டு?” சற்றுக் கழித்து, “உதவி பண்ண வந்தவளை மெர்ல் வாயில மாட்டிவிட முடியுமா? ரோட்டைப் பார்த்து ஓட்டு” என்றார்.

வீடு திரும்பியதும் மெர்லிடமும் சொன்னேன். “தெரியும்” என்றார் அவர். “இவ பொய் சொன்னா காது சிவக்கும்.”

சனிக்கிழமை இருட்டோடு ஆர்வில்லா வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறிப் போனார். நானும் மெர்லும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்திருந்தது. கருமருந்துத் துப்பாக்கியின் சத்தம் மற்றதைப் போலச் சீறுவதில்லை. கனமான கதவு ஒன்று மலைக்குள் சாத்தப்படுவதைப் போலக் கேட்கும். எட்டேகால் மணிக்கு அது கேட்டது.

மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தார். மான் விழுந்தால் ஆர்வில்லா தொப்பியைக் கழற்றி மேட்டு விளிம்பில் நின்று காட்ட வேண்டும் என்று பேச்சு. விளிம்பில் யாரும் இல்லை.

“தவறிடுச்சு” என்றார் மெர்ல். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினார். “மருந்து அளக்குறா... கொட்டிட்டா... துணி... குண்டு... இப்ப தடியை எடுத்திருப்பா.”

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“இறங்கு” என்றார் மெர்ல். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “இறங்கு, இறங்கு.”

நொடி முள் முக்கால் வட்டம் போய்விட்டது. அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். குழலுக்குள் பாதியில் நிற்கும் குண்டைத்தான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மலைக்குள் இரண்டாவது கதவு சாத்தப்பட்டது.

மெர்ல் ஊன்றுகோலை மறந்து எழுந்து, வலியில் கத்தி, மறுபடி உட்கார்ந்தார். மேட்டு விளிம்பில் சின்னதாக ஓர் உருவம் தொப்பியைக் கழற்றி ஆட்டியது.

பெட்டை மான். நானும் போய்ச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்து வந்தேன். ஆர்வில்லாவின் புருவமெல்லாம் பனி, கன்னத்தில் கரி. “வெண்ணெயில கத்தி இறங்கின மாதிரி போச்சு” என்றார், வழி முழுக்க, ஆறேழு தடவை. “வெண்ணெயில கத்தி.” கொல்லைப் படலைத் தாண்டியதும் நின்று, கையுறையைக் கழற்றி, மானின் கழுத்தில் கை வைத்து, சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். அது அவர் எப்போதும் செய்வது. நான் கேட்டதில்லை.

ஞாயிறும் திங்களும் சமையலறை மேசையில் இறைச்சி வெட்டினோம். பொட்டலங்களில் தேதி எழுதும் வேலை என்னுடையது. பெட்டியின் வெள்ளை மறைந்தது. முதுகுச் சதையில் மிக மென்மையான துண்டு ஒன்றை ஆர்வில்லா தனியாக எடுத்து, இரண்டு தாளில் சுற்றி, நூல் கட்டினார். யாருக்கு என்று மெர்ல் கேட்கவில்லை. “பெரிய துண்டாவே வெச்சிருக்க” என்று மட்டும் சொன்னார். “எண்ணெய் நல்ல எண்ணெய்” என்றார் ஆர்வில்லா.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்ததை எப்படிச் சொல்வது என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. நான் செய்த தவறுக்கு ஒருவர் முன்னால் வந்து நின்றார். பிறகு அதைச் சுமையாக்கவும் இல்லை. பிப்ரவரி முழுக்க நான் அந்த இறைச்சியைச் சாப்பிட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பொட்டலத்துக்கு நூல் கட்டிய அன்று மாலை, மெர்ல் தூங்கப் போன பிறகு, ஆர்வில்லா மேசையைத் துடைத்துவிட்டு என் எதிரில் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தார். கையைத் துணியில் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பொட்டலத்தோட வைக்க, எனக்காக லைலுக்கு ஒரு கடிதம் எழுதித் தா” என்றார். “நான் எழுதினா ரெண்டாவது வரியிலயே சண்டை வந்துடும். ரெண்டு மொழியில படிச்சவளுக்கு ஒரு பக்கம் பெரிய வேலையா? நன்றின்னு இருக்கணும். ஆனா மன்னிச்சிட்டேன்னு இருக்கக் கூடாது. எங்கயாவது அந்த வாடை அடிச்சாக்கூடக் கண்டுபிடிச்சிடுவான். எழுதித் தருவியா?”